சாண எரிவாயுவும் தோட்டத்து எருவும்

(உடுப்பிட்டிக் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



“சாணத்தை அடுப்புக்குக் கொடுத்துவிட்டால் தோட்டத்துக்கு எதை இடுவது?” என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான வினா. வறட்டியாக எரித்தால் நைதரசன் புகையோடு போய்விடும், மிஞ்சுவது சாம்பலே. வாயுவாக்கினால் அவ்வாறன்று. வெளியேறுவது பெரும்பாலும் காபன் சேர்ந்த வாயுவே; நைதரசனும் பொசுபரசும் பொட்டாசியமும் கரைசலிலே தங்கிவிடுகின்றன.

குளத்துச் சேற்றை மிதித்தாற் குமிழிகள் கிளம்புவதைக் கண்டிருப்பீர்கள். 1776 ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ற்றா அத்தகைய வாயுவைச் சேர்த்து எரித்துக் காட்டினார். அதனை உண்டாக்குபவை நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் சாணத்தையும் குப்பையையும் சிதைத்து அமிலமாக்கும். மற்றைய கூட்டம் அவ்வாறு விளைந்தவற்றை உண்டு மெதேன் என்னும் எரிவாயுவை விடும். பின்னவை காற்றுப்பட்டால் வாழா, பெருகுவதும் மந்தம். மாட்டின் வயிற்றிலே உறைவதாற் புதுச் சாணத்தோடு தாமே வந்துவிடுகின்றன.

வீட்டிற் சோதிக்க 20 இலீற்றர் பிளாஸ்டிக் கலன் போதும். புதுச் சாணமும் நீரும் சம அளவிற் கரைத்து முக்காற் பங்குக்கு ஊற்றுங்கள். மூடியிற் குழாய் பொருத்தி, அதன் மறுமுனையைப் பழைய மோட்டார் ரியூப்பில் காற்றுப் புகாது இணையுங்கள். கண்ணாடிப் போத்தலை இறுக மூடி வைத்தல் ஆகவே ஆகாது, வெடித்துவிடும்.

முதலில் வரும் வாயு எரியாது. இங்கேதான் பலர் கைவிடுகின்றனர். அது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. கலனிலிருந்த காற்றும் அதிற் கலந்திருக்கும். நெருப்பில்லாத வெளியில் அதனை முழுவதும் போக்கிவிட்டு, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருங்கள். மெதேன் பாதிக்கு மேற்பட்டதும் நீலச் சுவாலை தோன்றும். எரித்துப் பார்ப்பதாயின் ரியூப்பைக் கழற்றிக் கலனுக்குத் தூரத்தே கொண்டுபோய் எரிக்க வேண்டும்.

அவசரப்பட்டுப் பழஞ்சோற்றையும் கறிக்கழிவையும் மிகுதியாகப் போட்டாற் கலவை புளித்து, மெதேன் நுண்ணுயிர்கள் வேலைநிறுத்தம் செய்துவிடும்! அப்பொழுது சில நாட்கள் ஒன்றும் போடாது விடுங்கள். சவர்க்கார நீரும் ஆகாது.

ஒரு கிலோ சாணம் ஏறக்குறைய 40 இலீற்றர் வாயு தரும். நாளொன்றுக்கு 25 கிலோ கிடைத்தால் ஓரடுப்பு இரண்டு மூன்று மணிநேரம் எரியும். இந்தியாவில் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு 1960களிலிருந்தே இத்தகைய கலன்களைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது.

கலன் அமைக்க விரும்புவோர் கிணற்றுக்கு அண்மையில் அமைக்காதீர்கள். நமது நிலத்தின் அடியில் வெடிப்புள்ள சுண்ணக்கல். கசியும் கரைசல் விரைவிற் குடிநீரைச் சேரும். வாயு நீங்கிய கரைசலையும் ஓரிடத்திற் கொட்டாது, பயிருக்கு வேண்டிய அளவே பாத்திகளிற் பரவலாக இட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள்.