சித்திரம் மேடையேறும்போது



நாடகம் சினிமாவான கதையை நம்மவர் நன்கறிவர். மேடையில் பல்லாண்டு முழங்கிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' முதலிய நாடகங்கள் 1930களில் பேசும் படங்களாயின. நான் பேச எடுத்துக்கொண்டதோ அதற்கு நேர்மாறான பயணம். சித்திரப் படம், அதாவது நீங்கள் கார்ட்டூன் என்று சொல்லும் படம், இசை நாடகமாக மேடையேறுவதைப் பற்றியது.

சித்திரத்தில் எதுவும் கூடும். சிங்கம் பேசும், தேநீர்க் கெண்டி பாடும். ஓவியனுடைய கோலுக்கு எலும்பும் எடையும் தடையல்ல. நடிகனுக்கோ இரண்டே கால்கள், ஒரே தொண்டை. பின் எப்படி மேடையேற்றுவது?

'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' என்னும் சித்திரப் படம் 1991இல் வெளிவந்தது. விலங்காகச் சபிக்கப்பட்ட இளவரசனுக்கு அதில் தனிப்பாட்டு இல்லை. அவன் துயரத்தை ஓவியர் விழியிலேயே தீட்டிவிட்டனர். நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு விழி தெரியுமா? ஆகவே 1994இல் நியூயார்க்கில் அது நாடகமானபோது, அவனுக்கென்றே ஒரு பாட்டுப் புதிதாக எழுதப்பட்டது. ஓவியம் செய்த வேலையைக் குரல் ஏற்றுக்கொண்டது. 2015இல் மும்பையில் இந்நாடகத்தை நம் நாட்டுக் கலைஞர்களே நடித்துக் காட்டினர்.

இதனினும் வியப்புக்குரியது 'தி லயன் கிங்'. 1994இல் படம், 1997இல் நாடகம். நெறியாளர் ஜூலி டெய்மோர் என்ற அம்மையார். இளமையில் இந்தோனேசியாவில் தங்கி, அந்நாட்டுப் பாவைகளையும் முகமூடிகளையும் பயின்றவர். சிங்கத்தின் முகமூடியை அவர் நடிகனின் முகத்தில் மாட்டவில்லை. தலைக்கு மேலே நிறுத்தினார். சிங்கமும் தெரியும், மனிதனும் தெரிவான். ஒட்டகச்சிவிங்கி என்பது கைகளிலும் கால்களிலும் பொய்க்கால் கட்டி நடக்கும் ஓர் ஆள். வறட்சியைக் காட்ட என்ன செய்தார் தெரியுமா? நீலப் பட்டுத் துணியை வட்டமாக விரித்து, அதை ஒரு துளை வழியே மெல்ல மெல்ல உள்ளிழுத்தார். குளம் வற்றிவிட்டது! பெண் சிங்கங்கள் அழும்போது முகமூடியின் கண்களிலிருந்து துணி நாடா நீண்டு வரும். எதையும் மறைக்கவில்லை; வித்தையை வெளிப்படையாகவே வைத்தார். எஞ்சியதைக் காண்போர் மனம் நிரப்பிக்கொண்டது. நம் தோற்பாவைக் கூத்தில் விளக்கொளியில் ஆடுவது தோல் என்று தெரிந்துதானே இராமனுக்காகக் கண்ணீர் விடுகிறோம்?

இந்த உண்மையை நான் அறிந்தது காலந்தாழ்ந்தே. குன்னூரில் நான் தலைமையாசிரியனாக இருந்த ஓர் ஆண்டு, பள்ளி விழாவுக்குச் சிங்கக் கதையை நடிக்க வேண்டுமென்று பிள்ளைகள் விரும்பினர். நானும் உற்சாகத்தோடு கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்கு உடைகள் வரவழைத்தேன். தலைமுதல் கால்வரை மூடுபவை. பாட்டுக்கு ஒலிப்பதிவு. சிங்கமாக நடித்தவன் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன். எங்கள் பள்ளியிலேயே சிறந்த குரலுடையவன். அவனை வாய் திறவாமல் ஆடச் செய்தேன். நாடகம் நடந்துகொண்டிருக்கையில், முன்வரிசையில் அமர்ந்திருந்த அவன் தாய் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்: "ஐயா, இதுல எம் பையன் எதுங்க?"

நான் கையால் சுட்டிக் காட்டினேன். வேறென்ன சொல்ல முடியும்?

மறு ஆண்டு வாடகை உடை இல்லை, ஒலிப்பதிவும் இல்லை. கதையும் எங்கள் மலைக் கதையாயிற்று. குன்னூரில் தேயிலைச் செடிகளுக்கிடையே காட்டெருமை உலவுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அதுவே கதைத் தலைவன். மூங்கிலை வளைத்துக் கொம்பு செய்து நெற்றிக்கு மேல் கட்டினார்கள். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து முதுகாக்கினார்கள். மூடுபனிக்கு ஒரு பழைய வெள்ளை வேட்டி! ஆர்மோனியத்தைத் தமிழாசிரியர் வாசித்தார். சுருதி இருமுறை பிசகியது, ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பாடியவர்கள் பிள்ளைகள். ஒவ்வொரு முகமும் தெரிந்தது.

அந்தப் பையன் அதில் இல்லை. அவன் குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூருக்கு இறங்கிப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.