வேலிக்குள் மூன்று ஆண்டுகள்

சாகண் தொழிற்பேட்டையில் உழைக்கும் என் தமிழ்ச் சொந்தங்களே!

நாம் தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறி இந்த ஊருக்கு வந்தவர்கள். பஜாஜுக்கோ மஹிந்திராவுக்கோ, அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளுக்கோ வேலைக்கு வந்தோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கு நாட்டில் எங்கும் போய் வாழும் உரிமையைத் தந்திருக்கிறது. அது இல்லாத தமிழர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

2021 அக்டோபரில் இந்தியப் பெருங்கடலில் ஒரு படகு தத்தளித்தது. அதில் 89 ஈழத்தமிழர்கள், குழந்தைகளும் உண்டு. கனடாவுக்குக் கிளம்பியவர்களைப் பிரிட்டிஷ் கடற்படை டியேகோ கார்சியா தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிரிட்டன் ஆளும் தீவு, அமெரிக்காவின் ராணுவத் தளம். அங்கே சுற்றிலும் வேலி, எலிகள் திரியும் கூடாரங்கள், தனியார் காவலர்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களும் உண்டு. அப்படியே மூன்று ஆண்டுகள் போயின!

விஷயம் வழக்காக வந்தபோது, யாரையும் அடைத்து வைக்கவில்லை என்று பிரிட்டன் தரப்பு வாதாடியது. நீதிமன்றம் தீவுக்கே வந்து விசாரிக்க முற்பட்டபோது, 2024 ஜூலையில் அமெரிக்கா குறுக்கே நின்றது. செப்டம்பரில்தான் விசாரணை நடந்தது. நீதிபதி மார்கரெட் ஓபி முகாமை நேரில் பார்த்தார். டிசம்பர் 16 அன்று தீர்ப்புச் சொன்னார்: இவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம்; பெயர் வேறாக இருந்தாலும் இது சிறைதான். அந்த மாதமே பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

பலகையில் முகாம் என்று எழுதிவிட்டால் போதாது, உள்ளே இருப்பவர் தன் விருப்பப்படி வெளியே நடக்க முடியுமா என்று அந்த நீதிபதி பார்த்தாரே, அந்தப் பார்வைக்கு நான் தலைவணங்குகிறேன்.

அதே பார்வையை நம் மண்ணின் மேலும் திருப்ப வேண்டாமா? 1983 முதல் வந்தவர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து, படித்து, பிள்ளை பெற்றவர்களும் குடியுரிமை இல்லாமல் நிற்கிறார்கள். 2021-இல் அகதி முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. திருச்சியில் ஆட்களை அடைத்து வைக்கும் இடத்துக்குச் சிறப்பு முகாம் என்றே பெயர். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் மனு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இந்தியா தர்மசாலை அல்ல என்றார் நீதிபதி திபாங்கர் தத்தா. குடியேறும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்றும் சொன்னார். சட்டம் அப்படி இருக்கலாம். ஆனால் உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல, மனிதர் அனைவருக்கும் எழுதப்பட்டது. சட்டம் போதாதென்றால் அதை மாற்றும் இடம் நாடாளுமன்றம்.

ஓட்டுப் போட ஊருக்குப் போவீர்கள் அல்லவா? வீட்டு வாசலுக்கு வருகிற வேட்பாளரை நிறுத்திக் கேளுங்கள்: முகாமில் பிறந்த பிள்ளைக்கு எப்போது குடியுரிமை வாங்கித் தருவீர்கள்? பதில் சொல்லாதவருக்கு உங்கள் ஓட்டு வேண்டாம்.