காண்டனேஷன்



"என்ன வேணா பேசுப்பா, அறிவுரை மட்டும் வேண்டாம்" என்று சங்கச் செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டார். அதனால் ஒரே ஒரு ஆங்கில வார்த்தையைப் பற்றிப் பேசுகிறேன். காண்டனேஷன்! சிரிக்கிறவர்கள் எல்லாம் அதைக் கட்டியவர்கள் என்று புரிகிறது.

நானும் அதை ஏதோ அபராதத்தின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றாம் ஆண்டில் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். என் வருகைப்பதிவு 68 சதவீதம்; 75 வேண்டும். எனக்கே காய்ச்சல் என்று ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குப் போனேன்.

"சார், காண்டனேஷன் கட்டிடறேன்."

"கட்டறதா? அதுக்கு அர்த்தம் மன்னிப்புடா. மன்னிப்பைக் கேக்கத்தான் முடியும். காய்ச்சல் உனக்கா?"

உண்மையைச் சொன்னேன். படிவத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று கொடுத்தார். "நடந்ததை எழுது." எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்கு அவரே நடந்தார். நான் பரீட்சை எழுதினேன்.

பிறகுதான் அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'கொடுப்பது' என்ற சொல்லிலிருந்து பிறந்ததாம். 'டொனேஷன்' அதற்குச் சொந்தக்காரன்! நீதிமன்றத்தில் தாமதமாக மேல்முறையீடு செய்பவருக்கும் இதுதான் வழி. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்கிறது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்திலும் இந்த வார்த்தை உண்டு. துணையின் கொடுமையை மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்தவர், அதையே காட்டி விவாகரத்து கேட்க முடியாது. ஆனால் அந்த மன்னிப்புக்கு நிபந்தனை உண்டு. தவறு மீண்டும் நடந்தால் பழையதும் உயிர்பெறும் என்று 1975இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் விளக்கியது.

இப்போது நான் கட்டட வேலையில் இருக்கிறேன். சாதாரண சிமெண்ட் போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். ஒரு தளத்துக்கு 5 நாள்தான் விட்டிருந்தார்கள். பதிவேட்டில் 7 நாளும் எழுதியிருந்தது. மேற்பார்வையாளர் சின்னப் பையன். தண்ணீர் லாரி வரவில்லை; சொல்லப் பயம்.

"சார், இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

"தம்பி, உன்னை நான் விட்டுடலாம். கான்கிரீட் விடாதே!"

பதிவேட்டில் நடந்ததை எழுதி, அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். மேலதிகாரியிடம் நானே கொண்டுபோனேன். தளத்தைச் சோதித்துப் பார்க்கும்வரை மேல்மாடி வேலை நின்றது. எனக்கும் திட்டு விழுந்தது. தளம் தேறியது, பையனும் வேலையில் இருக்கிறான். இன்றைக்கு லாரி வரவில்லை என்றால் முதல் போன் அவனுடையதுதான்.

அன்று படிவத்தைக் கிழித்த சார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். சார், அப்பா பிழைத்து வந்துவிட்டார் என்று உங்களிடம் சொல்லவே இல்லை. இத்தனை வருடத் தாமதத்தையும் நீங்கள்தான் மன்னிக்க வேண்டும்.

மாணவத் தம்பி தங்கைகளே, 'காரணம்' என்ற கட்டத்தில் நடந்ததையே எழுதுங்கள். அறிவுரை சொல்லிவிட்டேன், செயலாளர் அண்ணன் காண்டனேஷன் கொடுப்பாராக!