ஒரு விளையாட்டின் நிறையும் குறையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் நூல்களைப் பற்றியே பேசி வந்திருக்கிறேன். நிறைவு விழாவில் ஒரு கணினி விளையாட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்று செயலாளரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "நிறை, குறை இரண்டையும் சொல்லுங்கள்" என்றார். அந்த நிபந்தனையை ஏற்றே உங்கள் முன் நிற்கிறேன்.

அந்த விளையாட்டின் பெயர் 'ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ்'. ஜப்பானிய நிறுவனமான ஸ்கொயர் 1997 ஜூன் மாதம் பிளேஸ்டேஷன் கருவிக்காக வெளியிட்டது. கதையை எழுதி ஆக்கத்தை இயக்கியவர் யசுமி மட்சுனோ. ஆங்கிலத்தில் 1998இலும், புதிய மொழிபெயர்ப்புடன் கைக்கருவிக்கென 2007இலும், குரல் நடிப்புடன் 2025இலும் வெளிவந்தது. என் மகள் விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய கைக்கருவியில் 2007ஆம் ஆண்டுப் பதிப்பை எனக்குக் கற்பித்தாள். கற்பித்தவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். கருவி என்னிடமே தங்கிவிட்டது.

சதுரங்கம் என்ற சொல்லுக்கே நால்வகைப் படை என்பதுதான் பொருள். இவ்விளையாட்டும் கட்டம் போட்ட களத்தில் ஆடுவதே. ஆனால் சதுரங்கக் காய்க்கு நேற்று இல்லை. குதிரை என்றும் குதிரைதான். இங்கோ பெரும்பாலும் ஐந்து பேரைக் களத்தில் இறக்குகிறோம். ஒவ்வொருவரும் போருக்குப் போர் கற்கிறார்கள். இருபது தொழில்களில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போகலாம்; பழைய தொழிலில் கற்றதைப் புதிய தொழிலுக்குள் எடுத்துச் செல்லலாம். வாள்வீரனாக இருந்தவன் மருத்துவனாகும்போது அவன் கைகள் வாளை மறப்பதில்லை.

முதல் நிறை, விதிகளே பொருள் சொல்வது. களத்தில் மேடு பள்ளம் உண்டு. கூரைமேல் நிற்கும் வில்லாளிக்கு எட்டுகிற தொலைவு கூடும். முதுகு காட்டி நிற்பவனுக்கு அடி தப்பாது. பெரிய மந்திரம் பலிக்க நேரமாகும். அதற்குள் குறிவைக்கப்பட்ட பகைவன் நம் ஆட்களுக்கு நடுவே ஓடிவந்து நின்றால் நெருப்பு நம் தலையிலும் விழும். ஒவ்வொருவருக்கும் 'நம்பிக்கை' என்று ஓர் அளவு உண்டு. அது மிகுந்தவர் செய்யும் மந்திரம் வலிமையாகப் பலிக்கும். அவர்மேல் பிறர் ஏவும் மந்திரமும் அவ்வாறே பலிக்கும். நம்பிக்கை குறைந்தவனைச் சாபம் எளிதில் தீண்டாது, ஆனால் குணமாக்கும் மந்திரமும் அவனிடம் தோற்கும். நம்பிக்கை அளவு கடந்துவிட்டாலோ அவர் படையை விட்டே போய்விடுவார். ஒரு கவிதை பத்து வரியில் சொல்ல முயல்வதை இங்கே ஓர் எண் சொல்லிவிடுகிறது.

நம் வட்டத்தார் மகிழும் செய்தி ஒன்று. தொழில்களுள் பாணன் தொழிலும் உண்டு. அழைப்பு மந்திரத்திலும், பேச்சால் மனம் மாற்றும் கலையிலும் தேறிய பிறகே அது கைவரும். பாணனின் உடல் மெலிந்தது; ஓர் அடி தாங்கமாட்டான். ஆனால் அவன் பாட்டு களத்தில் எங்கு நிற்கும் தோழனையும் சென்று சேரும். குறையும் உடனே தெரிகிறது: பாணன் தொழில் ஆண்களுக்கு மட்டுமே, பெண்களுக்கு ஆடல் மட்டுமே. ஔவையைப் பெற்ற மொழியிலிருந்து பார்க்கும்போது இது உறுத்தாமல் இருக்குமா?

இரண்டாம் நிறை கதை. ஐவலீஸ் என்னும் கற்பனை நாட்டில் ஐம்பதாண்டுப் போர் முடிந்திருக்கிறது. போருக்குத் தன்னார்வமாக வந்த எளிய மக்களைக் கூலி கொடாமலே கலைத்துவிட்டார்கள். அவர்கள் கிளர்ந்து எழுகிறார்கள். பெருங்குடியில் பிறந்த ராம்ஸாவும், அதே வீட்டில் வளர்ந்த ஏழைப் பிள்ளை டெலிட்டாவும் நண்பர்கள். கிளர்ச்சிக்காரர்களை அடக்க இருவரும் போகிறார்கள். மில்யூடா என்ற கிளர்ச்சிப் பெண்ணைக் கொல்வது நம் கைதான். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று தெரிந்தபின்னும் கட்டத்தைத் தேர்ந்து பொத்தானை அழுத்துகிறோம். படித்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் நான் அவளுக்காக இரங்கியிருப்பேன். இங்கே வெட்கப்பட்டேன். பின்னர் டெலிட்டாவின் தங்கை டியெட்ரா, பெருங்குடிப் பெண் என்று தவறாகக் கருதப்பட்டுக் கடத்தப்படுகிறாள். ஏழைப் பெண் ஒருத்திக்காகப் படை தயங்கலாகாது என்று அவளையே அம்பெய்து வீழ்த்துகிறார்கள். நண்பர்கள் பிரிகிறார்கள்.

இக்கதைக்கு ஒரு சட்டகம் உண்டு. நூற்றாண்டுகள் கழித்து அராஸ்லாம் துரை என்ற வரலாற்றாசிரியர் நமக்கு இதைச் சொல்கிறார். (துரை என்பது ஜப்பானியர் வைத்த பெயர்தான், நம்மூர்க்காரரோ என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.) நாட்டு வரலாறு டெலிட்டாவை மாவீரன் என்று போற்றுகிறது. ராம்ஸாவின் பெயரைச் சமயத் துரோகி என்று அழித்துவிட்டது. உண்மையை எழுதிவைத்த ஓரன் துரையைத் திருச்சபை எரித்துக் கொன்றது. அவர் ஏடு மட்டும் மறைந்து கிடந்து பின்னாளில் வெளிவந்தது. வென்றவன் பெயர் நிற்கிறது, நன்று செய்தவன் பெயர் மறைகிறது, எழுதியவன் எரிகிறான். இந்த மூன்றையும் ஒரே கதைக்குள் வைத்ததுதான் மட்சுனோவின் சாதனை என்பது என் கருத்து.

இனிக் குறைகள். சிறியவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1998ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் பல வாக்கியங்கள் பொருள் விளங்காமல் தடுமாறின. 2007இல் பழந்தொனி கொண்ட நடையில் திருத்தினார்கள், ஆனால் அப்பதிப்பில் மந்திரக் காட்சிகள் நத்தை வேகத்தில் நகர்ந்தன. ரியோவேன்ஸ் கோட்டையில் போர்கள் அடுத்தடுத்து வரும். முந்தைய பதிப்புகளில் நடுவில் சேமித்துவிட்டால் வெளியேறிப் பயிற்சி பெற வழியில்லாமல் இருந்தது. ஆயத்தமில்லாதவர் ஆட்டத்தையே தொடக்கத்திலிருந்து ஆடவேண்டிய நிலையும் வந்தது. கதையின் இறுதிப் பகுதியில் ஓர்லாண்டோ என்ற முதிய வாள்வீரர் வந்து சேர்கிறார். அவர் வலிமைக்குமுன் அதுவரை நாம் கற்ற வியூகமெல்லாம் வீணாகிறது. ஒரு மாவீரன் வந்துவிட்டால் மற்ற நால்வரும் வேடிக்கை பார்க்கலாம் என்றால், மாவீரர் வழிபாட்டைக் கேள்வி கேட்கும் கதைக்கு அது தகுமா?

பெருங்குறை வேறு. அதைச் சொல்ல என் அனுபவத்தைச் சொல்லவேண்டும்.

இவ்விளையாட்டில் பொருள் கொடுத்து வீரர்களை அமர்த்தலாம். அவர்களுக்கு நாமே பெயரிடலாம். மருந்து கொடுப்பவளாக ஒருத்தியை அமர்த்தி அவளுக்கு என் பாட்டியின் பெயரை இட்டேன். பாட்டிக்குப் புகைப்படம் இல்லை. ஒரு ரேஷன் அட்டையைத் தவிர அவர் பெயர் எழுதப்பட்ட தாள் எங்கள் வீட்டில் இல்லை. ஆங்கில எழுத்தில்தான் இட முடிந்தது என்றாலும், ஒளிரும் திரையில் அப்பெயரைக் கண்டபோது மனம் நெகிழ்ந்தது.

டோர்ட்டர் என்ற நகரில் கூரைமேல் வில்லாளிகள் நின்ற போரில் அவசரப்பட்டு அவளை முன்னே நிறுத்தினேன். வீழ்ந்தாள். வீழ்ந்தவர் தலைக்குமேல் மூன்று என்ற எண் தோன்றும்; அவர் முறை வரும்போதெல்லாம் ஒன்று குறையும். அதற்குள் எழுப்பவேண்டும், அல்லது போரை முடிக்கவேண்டும். எழுப்பும் மருந்து தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மிஞ்சிய பகைவரைத் துரத்தினேன். எண் தீர்ந்தது. அவள் ஒரு பளிங்காக மாறினாள். அப்பளிங்கைத் தோழர் ஒருவர் எடுத்துக்கொண்டால் இறந்தவர் கற்ற வித்தை அவருக்கு வரக்கூடும். போரில் பட்ட வீரனுக்கு நடுகல் நட்ட மரபில் வந்தவன் நான்; அக்கற்பனையின் அழகில் ஒரு கணம் நின்றுவிட்டேன்.

போர் முடிந்தது. அடுத்த காட்சியில் ராம்ஸாவும் டெலிட்டாவும் உரையாடினார்கள். அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருந்திருக்கவும் முடியாது, ஏனெனில் அமர்த்தப்பட்ட வீரருக்குக் கதைக்குள் இடமே இல்லை. அவர்கள் எல்லாப் போரிலும் நிற்பார்கள், எந்தக் காட்சியிலும் பேசமாட்டார்கள். பெயருடைய தோழர்களுங்கூடப் படையில் சேர்ந்தபின் பெரும்பாலும் ஊமையாகிவிடுகிறார்கள். பின்வந்த பதிப்புகள் அத்தோழர்களுக்குச் சில சொற்களைக் கூட்டின. கூலி வீரரைக் கதை இன்னும் அறியாது. கூலி கொடாமல் துரத்தப்பட்டவர்களுக்காக வருந்தும் கதை, தன் கூலிப் படையின் பெயரைக் கேட்கவில்லை. ஐவலீஸின் வரலாறு ராம்ஸாவுக்குச் செய்ததையே இக்கதை என் மருத்துவச்சிக்குச் செய்தது.

நான் என்ன செய்தேன்? கருவியை அணைத்து, பழைய சேமிப்பிலிருந்து மீண்டும் தொடங்கினேன். அவள் உயிரோடு நின்றாள். தொலைபேசியில் மகளிடம் சொன்னேன். "எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் அப்பா" என்றாள். எனக்கு அமைதி கிட்டவில்லை. பாட்டியை நான் மீட்கவில்லை. இழந்ததை நினைக்கும் கடமையிலிருந்து என்னைத்தான் மீட்டுக்கொண்டேன்.

குறைகளோடும் இதை ஓர் உயர்ந்த ஆக்கம் என்றே மதிப்பிடுகிறேன். தன் குறையை அளக்கும் அளவுகோலையும் தானே கையில் கொடுக்கும் படைப்புகள் மிகச் சிலவே.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இந்த மலரில் பத்தாண்டுகளில் கவிதை படித்தவர் பட்டியல் இடம்பெறுகிறது. என் பெயரும் அதில் உண்டு; மகிழ்ச்சி. ஆனால் ஒரு கவிதையும் படிக்காமல் கூட்டந்தோறும் வந்து உட்கார்ந்து கேட்டவர்கள் இருக்கிறார்கள். நாற்காலி போட்டவர், தேநீர் கொண்டுவந்தவர், மழைநாளில் வந்த இரண்டே பேரில் ஒருவராக இருந்து பின்னர் மறைந்தவர் என்று எத்தனையோ பேர். வருகைப் பதிவேடு செயலாளரிடம் இருக்கிறது. மலரின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் எல்லோரின் பெயரையும் அச்சிடவேண்டும். பக்கம் போதாதென்றால் என் உரையைச் சுருக்கிக்கொள்ளலாம்.