படியேறிய படிப்பு



பட்டமளிப்பு மேடையில் பெரியவர்களை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். நான் உங்கள் வயதுக்காரர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1833 ஏப்ரல் 23 அன்று பாரிஸில் ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையின் அலுவலகத்தில் ஆறு மாணவர்கள் கூடினார்கள். அவர்களோடு இருந்த மூத்தவர் அந்தப் பத்திரிகையாளர் இம்மானுவேல் பாயி ஒருவர்தான்; அவரும் நாற்பதைத் தொடவில்லை. மாணவர்களில் பிரெடரிக் ஓசானாமுக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. லியோன் நகரத்து மருத்துவரின் மகன், சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் புனித வின்சென்ட் தே பவுல் சபை. இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் இயங்குகிறது. தமிழ்நாட்டுப் பங்குகளில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு அறையில் ஏழெட்டுப் பேர் நோட்டும் பையுமாக உட்கார்ந்திருப்பதைப் பலர் கவனித்திருப்பீர்கள்; அது இந்தச் சபையின் கிளைதான். அரிசி கொடுப்பார்கள், மருந்துக்குப் பணம் கொடுப்பார்கள் என்ற அளவில் அதைத் தெரிந்துவைத்திருக்கிறோம். அவர்கள் கொடுத்த பொருளைக் காட்டிலும் அதைக் கொடுக்க ஏறிய படிகளே முக்கியம் என்பது என் வாதம். ஏழையின் வீட்டுக்கு வாரந்தோறும் போய் உட்காருவது அறிவைத் தேடும் ஒரு முறை. பல்கலைக்கழகம் அதைப் பாடமாக வைப்பதற்கு வெகுகாலம் முன்பே மாணவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதற்கு அவர்களைத் தள்ளியது பக்திப் பெருக்கு அல்ல, ஒரு வாதத்தில் வாங்கிய அடி. பாயியின் ஆதரவில் மாணவர்கள் வரலாறும் தத்துவமும் விவாதிக்கும் வட்டம் ஒன்று நடந்துவந்தது. எல்லாக் கொள்கையினரும் அங்கே வருவார்கள். திருச்சபை கடந்த காலத்தில் செய்த நன்மைகளைக் கத்தோலிக்க மாணவர்கள் அடுக்கியபோது, சேன் சிமோன் என்ற சிந்தனையாளரின் சோஷலிசத்தைப் பின்பற்றிய எதிரணியினர் ஒரே கேள்வி கேட்டார்கள்: பழையது இருக்கட்டும், இப்போது ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள்? அந்தக் கேள்விக்கு அன்றைய பாரிஸில் கனம் இருந்தது. முந்தைய ஆண்டு, 1832இல், காலரா அந்த நகரத்தில் மட்டும் 18,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிருந்தது. நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளில் சாவு அதிகம். அதற்கும் முந்தைய ஆண்டு ஓசானாமின் லியோனில் பட்டு நெசவாளர்கள் குறைந்தபட்சக் கூலி கேட்டு எழுந்து, படையால் அடக்கப்பட்டிருந்தார்கள். ஆக, கேள்வி கேட்டவர்கள் பக்கம் உண்மை இருந்தது. ஓசானாம் அதற்கு மேடையில் பதில் தேடவில்லை. வாதத்தில் தோற்றவர்கள் இன்னும் சாமர்த்தியமான வாதத்தோடு மறுவாரம் வருவதுதான் மாணவர் மன்றங்களின் இயல்பு. இவர்கள் அதைச் செய்யாததுதான் எனக்கு வியப்பு.

ஆர்வம் இருந்ததே தவிர, எந்த வீட்டுக்குப் போவது, போய் என்ன பேசுவது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுத்தவர் ரோசாலி ரெந்து என்ற அருட்சகோதரி. மூஃப்தார் தெருவைச் சுற்றியிருந்த, பாரிஸின் மிக ஏழ்மையான பகுதியில் ஐம்பதாண்டுக்கு மேல் உழைத்தவர். பள்ளி, மருந்தகம், குழந்தைகள் காப்பகம், முதியோர் இல்லம் என்று வரிசையாக அமைத்தவர். குடும்பங்களின் பட்டியலையும் ரொட்டிக்கான சீட்டுகளையும் மாணவர்கள் கையில் கொடுத்து, பொறுமையாகக் கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று பழக்கினார். பிறகு வாரத்துக்கு ஒருமுறை அவர்கள் கூடினார்கள். போய்வந்தவர் அந்த வீட்டின் நிலையைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். என்ன செய்வது என்று முடிவெடுத்துக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். கடைசியில் யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி ஒரு பை சுற்றிவரும். சமூகப்பணித் துறை மாணவர்களுக்கு இது எங்கோ கேட்டதுபோல் இருக்கும். நேரில் பார்ப்பது, பதிவு செய்வது, சக ஊழியர் முன் விளக்குவது, அடுத்த வாரம் திரும்பிப் போய்ச் சரிபார்ப்பது என்று இன்று தொழில்முறைப் பயிற்சியாக நீங்கள் கற்ற எல்லாமே அந்தச் சின்ன ஏற்பாட்டில் கருவாக இருந்தன. இதில் உயிரானது திரும்பிப் போவதுதான். ஒருமுறை போகிறவருக்கு வறுமை ஒரு காட்சி. பத்து வாரம் போகிறவருக்கு அதன் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும்: வாடகை எந்தத் தேதியில் வருகிறது, எந்த மாதத்தில் வேலை இல்லை, எந்தக் கடன் எதை விழுங்குகிறது.

இந்த வருகைகள் ஓசானாமின் படிப்பை என்ன செய்தன என்பதற்குச் சான்று உண்டு. சட்டத்தில் முனைவரான அவர் 1839 முதல் லியோனில் வணிகச் சட்டம் கற்பித்தார். வணிகர்களுக்குப் பயன்படும் விதிமுறைகளைச் சொல்லிக்கொடுப்பதற்கான பதவி அது. அந்த வகுப்பில் அவர் கூலியைப் பற்றிப் பேசினார். தொழிலாளியின் கூலி அவனுடைய அன்றாடத் தேவைக்கு மட்டுமன்றி, பிள்ளைகளின் கல்விக்கும் முதுமைக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்றார். மனிதனைக் கருவியாக வைத்து லாபம் பார்ப்பதைச் சுரண்டல் என்றே குறிப்பிட்டார். திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் வெளியிட்டது 1891இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய வகுப்பறைப் பேச்சு இது. பின்னர் சோர்போனில் அயல்நாட்டு இலக்கியப் பேராசிரியராகித் தாந்தேயை ஆராய்ந்த காலத்திலும் அவர் குடும்பங்களைப் பார்க்கப் போவதை நிறுத்தவில்லை. கொடை என்பது அடிபட்டவனின் காயத்துக்கு எண்ணெய் பூசுவது, அடி விழாமல் தடுப்பது நீதியின் வேலை என்று இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவரும் அவர்தான்.

இங்கே நியாயமான ஒரு எதிர்ப்பு எழும். இப்படிப்பட்ட சபைகள் ஏழையின் கோபத்தை ரொட்டி கொடுத்து ஆற்றிவிடுகின்றன, மாற வேண்டிய அமைப்பு மாறாமலே நிற்கிறது என்பார்கள். சபையின் வரலாற்றில் இந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கும். 1848 ஜூனில் பாரிஸ் தொழிலாளர்கள் தெருத் தடுப்புகளை எழுப்பியபோது ஓசானாம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. எதிர்ப்பக்கத்துத் தேசியக் காவல் படையில் இருந்தார். சமாதானம் பேசும்படி பேராயர் அஃப்ரை வேண்டிக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். பேசப்போன பேராயர் குண்டடிபட்டு இறந்தார். ஆனால் அடுத்த சில மாதங்களில் ஓசானாம் எழுதியதையும் படிக்க வேண்டும். லாக்கோர்தேர் என்ற துறவியுடன் சேர்ந்து தொடங்கிய நாளேட்டில், வென்ற பக்கத்தாரை நோக்கி, நீங்கள் கிளர்ச்சியைத்தான் தோற்கடித்தீர்கள், வறுமை அப்படியே இருக்கிறது என்று எழுதினார். தாம் ஏறி இறங்கிய ஏழைப் பகுதியின் ஈரம் கசியும் அறைகளை விவரித்தார். வீடுகளுக்குப் போகாதவர் கையிலிருந்து இந்தக் கட்டுரைகள் வந்திருக்காது. வாசகர்கள் குறைந்து அந்த நாளேடு மறு ஆண்டே கைமாறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல கட்டுரைகளுக்குச் சந்தாதாரர் கிடைப்பது எக்காலத்திலும் அரிது.

கட்டுரையோடு நின்றிருந்தால் என் வாதம் நொண்டும். சட்டத்துக்கு வருவோம். அர்மான் தெ மெலன் என்ற பிரபுவை 1838 முதல் ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பிப் பழக்கியவரும் அதே சகோதரி ரோசாலிதான். 1849இல் அர்மானும் அவருடைய இரட்டைச் சகோதரர் அனத்தோலும் சட்டமன்றத்தில் இருந்தார்கள். அனத்தோல் முன்மொழிந்து 1850 ஏப்ரல் 13இல் நிறைவேறியது சுகாதாரமற்ற வாடகைக் குடியிருப்புகள் பற்றிய பிரெஞ்சுச் சட்டம். சொந்தக்காரன் தன் வீட்டை எப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த காலத்தில், வாடகைக்கு விட்ட அறை நோய் பரப்பினால் பொது அதிகாரம் உள்ளே நுழையலாம் என்று சொன்ன முதல் சட்டம். அடுத்த ஆண்டு ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி, பயிற்சித் தொழிலாளரின் ஒப்பந்தம் ஆகியவற்றுக்கும் சட்டங்கள் வந்தன. வீட்டுச் சட்டத்தை மிகைப்படுத்தவும் கூடாது. ஆய்வுக் குழு அமைப்பதை அது நகராட்சிகளின் விருப்பத்துக்கு விட்டது. பெரும்பாலான நகராட்சிகள் விரும்பவில்லை. 1902இல் வேறு சட்டம் வர வேண்டியிருந்தது. 1850இன் சட்டம் பிறந்ததில் 1849இல் மறுபடி வந்த காலராவுக்கும் பங்கு உண்டு. என்றாலும், எந்த அறையில் எத்தனை பேர், சுவர் எப்படி இருந்தது என்று கண்ணால் பார்த்தவர்கள் சட்டமன்றத்துக்குள் இருந்தது தற்செயல் அல்ல.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கூர்மையானது. வசதியானவன் ஏழையின் வீட்டுக்குள் நுழைந்தால் அது உதவி, அதே நேரம் கண்காணிப்பும்கூட. இவன் உதவிக்குத் தகுதியானவனா, குடிக்கிறானா, கோயிலுக்குப் போகிறானா என்று எடைபோடும் கண் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொடைச் சங்கங்கள் பலவற்றில் அந்தக் கண் இருந்தது. இந்தச் சபை விலக்கல்ல. ஆனாலும் ஒரு செய்தியைக் கவனியுங்கள். சபையின் இரண்டாவது தலைவர் ஜூல் கோசேன், அதற்கு முன்பே 1826இல், மணமாகாமல் சேர்ந்து வாழும் ஏழைகளுக்கு முறைப்படி மணம் செய்துவைக்கும் சங்கம் ஒன்றை நிறுவியவர். நோக்கம் ஒழுக்கம், மறுக்கவில்லை. செயலில் இறங்கியபோது தெரிந்ததோ வேறு. அந்த ஏழைகளில் பலர் மணம் செய்யாததற்குக் காரணம் ஒழுக்கக் குறைவு அல்ல, காகிதம். பிறந்த ஊரிலிருந்து சான்று வாங்க வேண்டும், பெற்றோரின் சம்மதப் பத்திரம் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வேண்டும். சங்கம் அந்தக் காகிதங்களைத் தேடி வாங்கும் அலுவலகமாகவே மாறியது. 1850 டிசம்பரில் ஏழைகளின் திருமணத்துக்கான ஆவணங்களை எளிதாக்கும் சட்டம் வந்தது. தீர்ப்புச் சொல்லப் போனவரையும் நேரில் கண்ட உண்மை திருத்தக்கூடும். எப்போதும் திருத்தும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஏனெனில் சபை தன் வாசலிலேயே இருந்த உண்மை ஒன்றைக் காண நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஒரு பெண்ணிடம் பாடம் கற்றுத் தொடங்கிய அமைப்பு பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. 1856இல் இத்தாலியின் பொலோஞாவில் பெண்கள் தனியாக ஒரு சபை கண்டார்கள். இரண்டும் ஒன்றானது 1967இல்தான். இதற்குச் சமாதானம் எதுவும் இல்லை.

இவ்வளவு சாதுவான அமைப்பு என்று சொல்லப்படும் இதைக் கண்டு ஒரு பேரரசு அஞ்சியதும் உண்டு. 1861இல் மூன்றாம் நெப்போலியனின் உள்துறை அமைச்சர் பெர்சினி, அரசின் அனுமதியோடும் அரசு ஏற்பாடு செய்யும் தலைமையோடும் இயங்கச் சொன்னார், சபை மறுத்தது, பாரிஸில் இருந்த மையக் குழு கலைக்கப்பட்டது. உறுப்பினர் சிலரின் அரசியல் சாய்வு மீதான சந்தேகமே அதற்குப் பெரிய காரணம். இருந்தாலும், ஊர்தோறும் வாரந்தோறும் கூடி, அந்தந்த ஊரின் ஏழைகளின் நிலையை அரசைவிட நன்றாக அறிந்த ஒரு வலைப்பின்னல் எந்த ஆட்சியாளருக்கும் நிம்மதி தராது. ஏழையின் கோபத்தை ஆற்றும் மயக்க மருந்தாக மட்டும் சபை இருந்திருந்தால் எந்த ஆட்சியும் அதைக் கலைக்க நினைத்திருக்காது.

மூன்றாவது எதிர்ப்பு உங்கள் தலைமுறையுடையது. இன்று அரசிடம் கணக்கெடுப்பு இருக்கிறது, ஆதார் எண் இருக்கிறது, வங்கிக் கணக்குக்கு நேரே பணம் போகிறது; பிறகு எதற்கு வீட்டுப்படி? அயர்லாந்தின் அனுபவம் இதற்குப் பதில் தருகிறது. இந்தியாவைவிடப் பலமடங்கு வலுவான நலத்திட்டங்களும் புள்ளிவிவரத் துறையும் உள்ள நாடு அது. அங்கே இந்தச் சபையும் சில துறவற அமைப்புகளும் சேர்ந்து 1996இல் ஓர் ஆய்வுக் கூட்டமைப்பைத் தொடங்கின. கண்ணியமாக வாழ ஒரு குடும்பத்துக்கு வாரத்தில் எவ்வளவு தேவை என்பதை, உணவு, உடை, எரிபொருள் தொடங்கிப் பிள்ளையின் பள்ளிச் செலவுவரை ஏறத்தாழ 2,000 பொருள்களையும் சேவைகளையும் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். எது தேவை என்பதை நிபுணர்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. சாதாரண மக்களின் குழுக்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்கின்றன. நலத்தொகையும் குறைந்தபட்ச ஊதியமும் அந்தத் தேவைக்கு எவ்வளவு குறைகின்றன என்று ஒவ்வோர் ஆண்டும் அரசின் பட்ஜெட் விவாதத்தில் இந்தக் கணக்கு முன்வைக்கப்படுகிறது. அரசின் தரவு, திட்டத்தில் சேர்ந்தவரை எண்ணும். சேர முடியாமல் வெளியே நிற்பவரையும், சேர்ந்தும் போதாமல் தவிப்பவரையும் காட்டுவதற்கு இன்னொரு கணக்கு வேண்டியிருக்கிறது.

வெளியே நிற்பவர்கள் நம் ஊரில் யார் என்று உங்களுக்குத் தெரியும். பெயர் எழுத்துப் பிழையால் முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி, கைரேகை பதியாததால் ரேஷன் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் கூலித் தொழிலாளி, கணவரின் இறப்புச் சான்று இல்லாததால் விதவை உதவித்தொகைக்கு மனு எழுத முடியாத பெண், வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்து எந்தப் பட்டியலிலும் இல்லாத குடும்பம். கோசேன் பாரிஸில் கண்ட அதே காகிதப் பஞ்சம். சபையின் கிளைகளில் இருப்பவர்கள் இவர்களை வாரந்தோறும் பார்க்கிறார்கள். மதம் கேட்காமல் அரிசியும் கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் உள்ள கிளைகள் இங்குள்ள கிளைகளோடு உறவு வைத்து உதவுவதும் உண்டு. ஆனால் குறிப்பேட்டில் எழுதப்படும் அந்த உண்மைகள் பெரும்பாலும் பங்கு எல்லையைத் தாண்டுவதில்லை என்பது என் விமர்சனம். ரொட்டிச் சீட்டோடு போன ஓசானாம் கூலியைப் பற்றி வகுப்பெடுத்தார். நம் கிளைகளில் அந்த இரண்டாவது பாதி மெலிந்திருக்கிறது. காரணம் மனமின்மை அன்று. மனு எழுதவும், அரசாணையைப் படித்துப் பொருள் சொல்லவும், முப்பது வீடுகளின் குறிப்பை ஓர் அறிக்கையாக்கவும் தெரிந்தவர்கள் அந்த அறையில் குறைவு. இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். இன்று பட்டம் வாங்கும் உங்களுக்கு இந்த மூன்றும் தெரியும். கிளைச் சபைதான் என்றில்லை. உங்கள் ஊரில் வீடு வீடாகப் போகும் மகளிர் குழுவோ, ஜமாத்தோ, அன்னதானக் குழுவோ, இளைஞர் நற்பணி மன்றமோ எதுவாகவும் இருக்கலாம். அவர்களோடு வாரம் ஒரு மாலை போய்வாருங்கள். பார்த்ததை எழுதுங்கள், ஒரே காரணம் நாலைந்து வீடுகளில் திரும்ப வந்தால் அந்த வீடுகளின் மனுக்களை ஒன்றாகச் சேர்த்துத் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். ஒற்றை மனுவுக்குக் கிடைப்பது ஒரு ரசீது. ஒரே காரணத்தால் வந்த நாற்பது மனுக்களுக்கு அதிகாரி காரணம் சொல்ல வேண்டிவரும். அந்தக் காரணம் விதியிலேயே இருந்தால் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எதைக் கேட்பது என்பது அதன் பிறகு உங்களுக்குத் தெளிவாகிவிடும்.