கொத்தனார் வீட்டின் தாய்வழி



பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சிற்றூர்க் கைவினைஞர் குடும்பங்களைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். கொல்லர், தச்சர், வண்டிச் சக்கரம் செய்பவர், செருப்புத் தைப்பவர், மாவு மில்காரர், கொத்தனார் என்று ஊருக்கு ஒருவர் இருவராக வாழ்ந்தவர்கள். பிரபுக்களின் வம்சாவளியை எழுத ஆள் இருந்தது. பண்ணைக் கூலிகளின் நிலையை விசாரித்து அரசாங்கக் குழுக்கள் அறிக்கை எழுதின. இடையில் நின்ற கைவினைஞரைத் தேடி யாரும் போகவில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க, மகளைக் கட்டிக்கொடுக்க, அப்பனை அடக்கம் செய்ய அவர்கள் கோவிலுக்குப் போன நாட்களில் பதிவேட்டில் ஏறியதுதான் நமக்குக் கிடைக்கிறது.

இந்தக் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு மகனிலிருந்து தந்தைக்கும் தந்தையிலிருந்து பாட்டனுக்கும் ஏறுகிறார்கள். ஏற வசதியான வழி அது. அந்த வழியில் மட்டும் போனால் குடும்பத்தில் பாதிக்கு மேல் நழுவிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். அதை ஒரு குடும்பத்தை வைத்தே சொல்கிறேன். டார்செட் மாவட்டத்தில் ஸ்டின்ஸ்ஃபோர்ட் பங்கைச் சேர்ந்த ஹையர் பாக்ஹாம்ப்டன் என்ற குக்கிராமத்தின் கொத்தனார் வீடு. அங்கே பிறந்த பிள்ளை பிற்காலத்தில் நாவலாசிரியர் ஆனதால் அந்த வீட்டைப் பற்றி நிறையவே தெரியும். தாமஸ் ஹார்டியின் வீட்டைத்தான் சொல்கிறேன். நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு டெஸ்ஸும் ஜூடும் பழகிய பெயர்கள். இன்று நாவல்களை விட்டு, கொத்தனாரைப் பார்ப்போம்.

கூரை வேய்ந்த அந்த வீட்டை 1800 வாக்கில் கட்டியவர் நாவலாசிரியரின் கொள்ளுத்தாத்தா ஜான் ஹார்டி. தன் மகன் தாமஸ் குடியிருப்பதற்காகக் கட்டினார். வீட்டைக் கட்டியது குடும்பம், ஆனால் நிலம் அவ்வூர் எஸ்டேட் ஒன்றுக்குச் சொந்தம். குறிப்பிட்ட சிலருடைய ஆயுள்வரை செல்லும் குத்தகை அது. அந்தப் பட்டியலில் கடைசி ஆள் கண்ணை மூடினால், சொந்தக் கையால் எழுப்பிய சுவரும் எஸ்டேட்டுக்குப் போய்விடும். இப்படி ஆயுள் குத்தகையில் வாழ்ந்த கைவினைஞர் குடும்பங்கள் தென்மேற்கு இங்கிலாந்தில் ஏராளம். ஒரு குடும்பம் திடீரென்று ஊரை விட்டு மறைந்தால், குடிபெயர்ந்த காரணத்தை வேறெங்கும் தேடுமுன் குத்தகைப் பத்திரத்தைப் பாருங்கள்.

அந்த வீட்டின் பின்புறத்தில் கம்பி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியாகத்தான் வேலையாட்களுக்குக் கூலி கொடுத்தார்கள் என்று அந்த வீட்டைப் பராமரிக்கும் தேசிய அறக்கட்டளை சொல்கிறது. உள்ளே பணம் எண்ணுகிறவர், வெளியே கை நீட்டுகிறவர். இந்தக் குடும்பம் கூலி வாங்கும் வரிசையில் நிற்கவில்லை, கொடுக்கும் பக்கம் இருந்தது. பதிவேட்டில் வெறுமனே ‘கொத்தனார்’ என்று இருந்தால் தினக்கூலியா, நாலு ஆளை வைத்து வேலை வாங்கிய மேஸ்திரியா என்று தெரியாது. 1851 கணக்கெடுப்பில்தான் சொந்தமாகத் தொழில் நடத்துபவர் எத்தனை பேரை வேலைக்கு வைத்திருக்கிறார் என்று எழுதச் சொன்னார்கள். அதற்கு முந்திய காலத்துக்கு இப்படி ஒரு ஜன்னல் சொல்லும் சாட்சியை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

இனிப் பதிவேடுகளுக்கு வருவோம். தாத்தா தாமஸ் 1778இல் பிறந்தவர். அப்பா தாமஸ் 1811இல். மகன் தாமஸ் 1840இல். ஒரே பங்கில் மூன்று தாமஸ் ஹார்டி. வயதையும் தொழிலையும் மனைவி பெயரையும் ஒத்துப் பார்க்காமல் வம்சக்கொடி வரைந்தால் மூவரும் ஒருவராகிவிடுவார்கள். அப்பா பிறந்த 1811இல் பங்குக் குருமார் தத்தம் வழக்கப்படி எழுதினார்கள். ரோஸ் சட்டம் என்று பெயர் பெற்ற 1812ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, 1813 தொடக்கத்திலிருந்து அச்சிட்ட படிவம் நாடெங்கும் புழக்கத்துக்கு வந்தது. அதில் தந்தையின் தொழிலுக்கு ஒரு கட்டம் உண்டு. கைவினைஞர் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய வரப்பிரசாதம் இல்லை. அதே படிவத்தில் தாயின் பிறந்த வீட்டுப் பெயருக்கு இடம் இல்லை. ஞானஸ்நானப் படிவத்தைப் பொறுத்தவரை தாய் என்பவள் ஒரு முதற்பெயர் மட்டுமே.

1837 ஜூலை 1 முதல் அரசுப் பதிவு தொடங்கியது. பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் வந்தது. திருமணச் சான்றிதழிலோ மணமகனின் தந்தை, மணமகளின் தந்தை, இருவரின் தொழில், அவ்வளவுதான். இங்கிலாந்துத் திருமணப் பதிவில் தாய்மாரின் பெயர் ஏறியது 2021 மே மாதத்தில். ஏறத்தாழ 184 ஆண்டுகள் அந்தக் கட்டம் அச்சிடப்படவே இல்லை. இன்று நம் முன் இருக்கும் வம்சக்கொடிகள் தந்தைவழியாகவே ஓடுவதற்கு ஆய்வாளரின் மனச்சாய்வு பாதிக் காரணம் என்றால், அந்தப் படிவம் மீதிக் காரணம்.

1839 டிசம்பர் 22 அன்று மெல்பரி ஆஸ்மண்டில் இளைய கொத்தனார் தாமஸ், ஜெமைமா ஹேண்டை மணந்தார். மகன் பிறந்தது 1840 ஜூன் 2. கணக்கு உங்களுக்கே புரியும். அந்தக் கால நாட்டுப்புறங்களில் இது அபூர்வமும் அல்ல, நாம் புருவம் உயர்த்த வேண்டிய விஷயமும் அல்ல. ஜெமைமா யார்? பெரிய வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர். அவருடைய தாய் எலிசபெத் ஸ்வெட்மன் ஓரளவு வசதியான குடும்பத்துப் பெண். தந்தையின் விருப்பத்தை மீறி ஜார்ஜ் ஹேண்ட் என்பவரை மணந்தார், வீட்டார் கைவிட்டார்கள். கணவர் 1822இல் இறந்தபோது ஏழு பிள்ளைகள். பங்கு நிர்வாகம் ஏழைகளுக்குக் கொடுத்த உதவிப் பணத்தில்தான் அவர்களை வளர்த்தார். எனவே கூலி கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே வந்து சேர்ந்த மருமகள், பங்கு உதவியில் வளர்ந்தவர். அந்த வீட்டின் கண்டிப்பும் சிக்கனமும் பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும் என்ற பிடிவாதமும் எங்கிருந்து வந்தன என்பதை ஹார்டி என்ற பெயரை மட்டும் துரத்தினால் கண்டுபிடிக்கவே முடியாது. 1856இல் மகனை டார்செஸ்டர் கட்டடக் கலைஞர் ஜான் ஹிக்ஸிடம் தொழில் பழகச் சேர்த்தபோது, பணத்தை மொத்தமாக முதலிலேயே கட்டிவிடுகிறோம், தொகையைக் குறையுங்கள் என்று யோசனை சொன்னவர் தாயார்தான்.

தாயாருடைய சகோதரிகளைப் பாருங்கள். மரியா ஹேண்ட் பட்ல்டவுனைச் சேர்ந்த மரவேலைக்காரர் ஜேம்ஸ் ஸ்பார்க்ஸை மணந்தார். மேரி ஹேண்ட் அதே ஊரின் செருப்புத் தொழிலாளி ஜான் ஆன்டெலை மணந்தார். கொத்து வேலை, மரவேலை, தோல் வேலை மூன்றும் ஒரே தாயின் மகள்கள் வழியாக ஒரு குடும்பமாகின்றன. யாருக்கு எங்கே வேலை கிடைத்தது, பையன்கள் யாரிடம் தொழில் பழகினார்கள், கையில் பணமில்லாதபோது யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்பதெல்லாம் இந்த இழைகளில்தான் ஓடியிருக்கும். சிற்றூர்க் கைவினைஞரின் உண்மையான குடும்பம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

தந்தைவழிப் பாட்டி மேரி ஹெட்டின் கதை இன்னும் கடினம். பெர்க்ஷயர் மாவட்டத்து ஃபாலி கிராமத்தில் 1772இல் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1841 கணக்கெடுப்பில் இங்கிலாந்தில் பிறந்தவருக்குப் பிறந்த இடத்தைப் பற்றிய கேள்வி ஒன்றே ஒன்று: இதே மாவட்டத்தில் பிறந்தவரா? டார்செட்டில் வாழ்ந்த அவருக்கு உரிய பதில் ‘இல்லை’. வயதிலும் அந்தக் கணக்கெடுப்பு கைவிடும். பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், ஆகவே 29 வயதுக்காரர் 25 ஆகி நிற்பார். பிறந்த பங்கின் பெயரை எழுதச் சொன்னது 1851இல்தான். மேரி ஹெட் 1857வரை உயிரோடு இருந்ததால் அந்தக் கணக்கெடுப்பு அவரை எட்டியது. 1851 மார்ச் மாதத்துக்கு முன் இறந்துபோன வெளியூர் மருமகள்கள் எத்தனையோ பேரின் ஊர் என்றைக்குமாக மறைந்துவிட்டது. உயிலில் தேடலாமே என்பீர்கள். 1882 சட்டம் வரும்வரை மணமான பெண் கணவரின் இசைவின்றித் தன் உடைமையை உயில் எழுதுவது பொதுவாக இயலாது. அங்கேயும் அவள் குரல் கேட்பது அபூர்வம். இதே மேரி ஹெட்டை, ரெடிங் நகரத்துத் திருட்டு வழக்கு ஒன்றில் வரும் அதே பெயர்ப் பெண்ணோடு இணைத்து எழுதிய வாழ்க்கை வரலாறும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பது ஆள் ஒன்று என்பதற்குச் சாட்சி ஆகாது. ஒரு ஏழைப் பெண்மீது திருட்டைச் சுமத்துமுன் இன்னும் இரண்டு தனிச் சான்றாவது கேட்பது நம் கடமை.

நாவலாசிரியரே என்ன செய்தார்? 1928இலும் 1930இலும் மனைவி ஃப்ளாரன்ஸின் பெயரில் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் அவரே எழுதியது. அதில் தம் குலத்தை ஜெர்சி தீவின் லெ ஹார்டி குடும்பத்தோடு இணைக்கிறார். தாய்வழிப் பாட்டியின் பரந்த வாசிப்பைச் சொல்கிறார். செருப்புத் தைத்த சித்தப்பாவுக்கு அங்கே இடமில்லை. டெஸ் நாவலில் ஒரு குருவானவர் ஏழைத் தந்தையிடம் நீ பழைய பிரபு வம்சம் என்று சொல்லப்போய் ஒரு குடும்பமே சிதைவதை 1891இல் எழுதியவரும் அவரேதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வகுப்பு வேற்றுமை அத்தனை இறுக்கமாக இருந்த சமூகத்தில் கொத்தனார் மகன் பட்ட காயம் அதில் தெரிகிறது. ஆனால் ஜான் ஆன்டெலின் கடையை வாழ்க்கை வரலாற்றிலிருந்து அவர் விட்டால், அதைத் திரும்பக் கொண்டுவருவது நம் வேலை.

இந்த மாநாட்டில் கட்டுரை வாசிக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எடுத்துக்கொண்ட கொல்லர், தச்சர் எவராயினும், அவர் மனைவியின் பிறந்த ஊர்ப் பதிவேட்டையும் பாருங்கள். அவளுடைய சகோதரிகள் யாரை மணந்தார்கள், அந்தக் கணவர்களின் தொழில் என்ன என்று எழுதுங்கள். திருமணப் பதிவில் சாட்சிக் கையொப்பம் இட்டவர்களை விட்டுவிடாதீர்கள். கட்டுரைக்கு நேரம் இருபது நிமிடம்தான் என்று அமைப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். தந்தைவழியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு மீதி நேரத்தைத் தாய்வழிக்கு ஒதுக்கினால் தலைவர் என்ற முறையில் நான் மணி அடிக்க மாட்டேன்.

மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.