வரி கட்டுவது நாம், வாசலில் நிற்பதும் நாமா?

(கோடை விடுமுறையையொட்டி, அன்னூரில் இளைஞர்களும் வணிகர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

முழுப் பரீட்சை முடிந்துவிட்டது. இனி பள்ளிக்கூடம் திறக்க ஜூன் மாதம் ஆகும். அதுவரை உங்கள் பிள்ளை எங்கே இருக்கப் போகிறான்? இதுதான் இன்று உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி.

சிலர் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைப்போம். தொழில் பழகட்டும், தவறில்லை. சிலர், 'லீவில் சும்மாதானே இருக்கிறான்' என்று அவிநாசிக்கும் திருப்பூருக்கும் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்புவோம். வாரம் பிறந்தால் சம்பளம். கையில் காசு பார்த்த பிள்ளைக்கு ஜூன் மாதத்தில் பள்ளிக்கூட மணி காதில் விழுமா? லீவு வேலை என்று போனது நிரந்தர வேலையாகிவிடுகிறது. எட்டாம் வகுப்போடும் ஒன்பதாம் வகுப்போடும் நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்! 14 வயது நிறையாத பிள்ளையை வெளி வேலைக்கு வைப்பது, 2016-ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தின்படி குற்றம். பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவ அச்சட்டம் இடம் தருகிறது.

2006-இல் வெளிவந்த நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கையை மேடைதோறும் பேசுகிறோம். 6 முதல் 14 வயதுவரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினர் பள்ளிக்கே போகாதவர்கள், அல்லது இடையில் நின்றவர்கள் என்று அந்த அறிக்கை சொன்னது. அது இந்தியா முழுமைக்குமான கணக்கு. தமிழகத்தில் நம் நிலை அவ்வளவு மோசமில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இடையில் நின்ற ஒரு பிள்ளையின் வீட்டில் அந்த ஆறுதல் எடுபடுமா?

கோவை மாவட்டத்தில் இருக்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1997 நவம்பர் கலவரமும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்பும் இந்த மண்ணில் எல்லாச் சமுதாயத்தாரையும் காயப்படுத்தின. கடை எரிந்தவர்கள் கடன் வாங்கிக் கடையைக் கட்டிக்கொண்டார்கள். அந்த நாட்களில் படிப்பை விட்ட பிள்ளைகளின் ஆண்டுகளை யார் கட்டிக் கொடுத்தார்கள்? சரக்கு போனால் சரக்கு வாங்கலாம் சகோதரர்களே, வயது போனால் எந்தச் சந்தையில் வாங்குவது?

ரசீதை எடுத்துப் பாருங்கள்

வணிகர்களுக்குக் கணக்குச் சொன்னால்தான் பிடிக்கும். கணக்கே சொல்கிறேன். உங்கள் கடைக்கும் வீட்டுக்கும் கட்டும் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒன்று இருக்கும். சொத்து வரி ஒரு ரூபாய் என்றால், அதற்கு 10 காசு நூலக வரி. ஆண்டுக்கு 6,000 ரூபாய் சொத்து வரி கட்டுகிறவர் 600 ரூபாய் நூலகத்துக்குக் கட்டுகிறார். பத்து ஆண்டில் 6,000 ரூபாய்! வாடகைக் கடைக்காரரும் தப்பவில்லை. உரிமையாளர் அதை வாடகையில் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

இந்த வரி எங்கிருந்து வந்தது? 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்குப் பின்னால் இருந்த நூலக அறிஞர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். அப்போது கல்வி அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவந்தவர் நம் கொங்கு நாட்டுக்காரர், திருப்பூர் தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் எட்டும் இடத்தில் புத்தகம் இருக்க வேண்டும். அதற்கு ஊரே சேர்ந்து பணம் போட வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாடு.

அன்னூரிலும் அரசுக் கிளை நூலகம் இருக்கிறது. அதன் படியேறிய பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்? முன்பணம் கட்டிய சரக்கைக் குடோனிலேயே விட்டுவிட்டு வரும் வியாபாரி உண்டா? நூலக விஷயத்தில் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்!

ஐந்து புத்தகம் வாங்கக் கணக்குப் பார்க்கும் காலம் இது. ஒரு சிறுவர் கதைப் புத்தகமே நூறு ரூபாய்க்குக் குறையாமல் விற்கிறது. கிளை நூலகத்தில் உறுப்பினராகத் திரும்பப் பெறக்கூடிய ஒரு சிறு வைப்புத் தொகையும், சிறு சந்தாவும் போதும். இரண்டும் சேர்ந்து ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலையைத் தாண்டாது! முகவரிச் சான்றோடு போய் நூலகரிடம் விண்ணப்பம் கேளுங்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே ஜும்ஆ முடிந்து போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் கையைப் பிடித்து நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

பெண் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தயக்கம் இருந்தால் உங்கள் பெயரில் அட்டை வாங்கி, அவர்கள் கேட்கும் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். நூலகம் தூரமா? 1931-இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நம் இளைஞர் ஒவ்வொருவரிடமும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் நான்கு வீட்டுப் புத்தகங்களைக் கொண்டு போய்க் கொண்டுவர முடியாதா?

எதைப் படிப்பது?

மார்க்க நூல்கள் மட்டும் போதாதா என்று கேட்போர் உண்டு. நம் வேதத்தின் முதல் வெளிப்பாடே ஓதும்படியான கட்டளையோடு இறங்கியது. பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் எழுத்தறிந்தோர், முஸ்லிம் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நிர்ணயித்ததை வரலாறு சொல்கிறது. கற்றுக் கொடுத்தவர்கள் அப்போது நம் மார்க்கத்தில் இல்லாதவர்கள் என்பதைக் கவனியுங்கள்! கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்கள் தோல் வணிகர். அவர்தான் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து தமிழுக்காகப் பேசினார். தமிழ் நூல் எதுவும் நமக்கு அந்நியமல்ல.

சிறு பிள்ளைகளுக்குப் படம் போட்ட கதைகளில் தொடங்குங்கள். 2023-இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று பிள்ளையின் வாசிப்புத் திறனுக்கேற்பச் சிறு நூல்களைப் பிரித்தார்கள். அந்த வரிசையை வீட்டிலும் பின்பற்றலாம். தட்டுத் தடுமாறிப் படிக்கும் பிள்ளையிடம் தடித்த புத்தகத்தைக் கொடுத்தால் மிரண்டு ஓடும். விடுமுறையில் ஒரு பக்கமும் படிக்காத பிள்ளை, ஜூன் மாதம் பழைய பாடத்தையே மறந்துவிட்டு நிற்கும். வாரம் ஒரு சிறு நூல் போதும். படித்ததை இரவில் தாயிடம் சொல்லச் சொல்லுங்கள். தாய் படிக்காதவராக இருந்தாலும் கேட்கத் தெரியும்.

வளர்ந்த பிள்ளைகளும் இளைஞர்களும் பொது அறிவு நூல்கள், அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகள், போட்டித் தேர்வு நூல்கள் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். 2007-இல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு கிடைத்தது. போராடிப் பெற்ற கதவு அது. கதவு திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே நடந்து போக வேண்டியவர் நாம் அல்லவா? அரசுப் பணித் தேர்வுகளின் அடிப்படை, பள்ளிப் பாடநூல்கள்தான். மேல் வகுப்புப் பிள்ளைகள் விட்ட பாடநூல்களைக் கடைக்குப் போடாமல் சேர்த்து வையுங்கள். உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் பாதி விலைக்குக் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமையான நூல்களைக் கைப்பேசியிலேயே காசில்லாமல் படிக்கலாம். கவி கா.மு. ஷெரீப் அவர்களின் நூல்களும் நாட்டுடைமை ஆனவையே.

செய்ய வேண்டியவை

பள்ளிவாசல்களில் கோடைகாலத் தீனியாத் வகுப்பு நடத்துகிறோம். காலையில் அந்த வகுப்பு. அஸருக்குப் பிறகு இரண்டு இளைஞர்கள் பொறுப்பில் பிள்ளைகள் நூலகம் செல்லட்டும். வகுப்பின் நிறைவு நாளில் சூரா மனனத்துக்குப் பரிசு தருவது போல, அதிகம் வாசித்த பிள்ளைக்கும் பரிசு தாருங்கள். பரிசுப் பொருள் டிபன் பாக்ஸாக இல்லாமல் புத்தகமாக இருக்கட்டும்!

வணிகப் பெருமக்களே! 1951-இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியை எழுப்பியவர்கள் ஜமால் முகமது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும். இருவரும் வணிகர்களே. அவர்கள் கல்லூரி கட்டினார்கள். உங்களிடம் நாங்கள் கேட்பது ஓர் அலமாரி! நூலகத்துக்கு 1,000 ரூபாய் செலுத்திப் புரவலர் ஆகலாம். வைப்பு நிதி, வட்டி என்று தயங்குவோர் நூல்களாகவே, நாற்காலியாகவே, மின்விசிறியாகவே வழங்கலாம். எல்லாச் சமுதாயப் பிள்ளைகளும் அமர்ந்து படிக்கும் இடத்துக்குக் கொடுப்பது நிலையான தர்மம் அல்லவா?

இளைஞர்களே! நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேருங்கள். வேண்டிய நூல்களை நூலகரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் நூலக ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் கட்டுவதில்லை என்ற புகார் தமிழகத்தில் பல ஊர்களிலும் எழுந்ததுண்டு. நம் ஊரில் எவ்வளவு வசூலானது, எவ்வளவு செலுத்தப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் விண்ணப்பித்துக் கேளுங்கள். இதுவும் அரசியல்தான். கோஷம் போடும் தொண்டையைவிடக் கணக்குக் கேட்கும் பேனாவுக்குப் பதில் சீக்கிரம் வரும்.

மறுமையில் செல்வத்தைப் பற்றிக் கேட்கப்படுவது போலவே நேரத்தைப் பற்றியும் கேட்கப்படுவோம். இந்தக் கோடையும் ஓடிவிடும். ஜூன் மாதம் பள்ளி மணி அடிக்கும்போது உங்கள் பிள்ளை வகுப்பறையில் இருக்க வேண்டும். அதற்கு வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கடையை அடையுங்கள். பிள்ளையோடு நூலகத்தின் படியேறுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த ஒரு மணி நேர வியாபார இழப்பு ஒருபோதும் நஷ்டக் கணக்கில் வராது.

வஸ்ஸலாம்.